தாமஸ் பிரான்சிஸ் மார்: வாள் பேச்சு முதல் மிசூரி ஆறு வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அயர்லாந்தின் கொடியைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெயர் வரும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஐரிஷ்காரர்களைப் பற்றிப் பேசினாலும் வரும். பெயர் வந்ததும் அதே கேள்விகளும் வரிசையாக வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க அலுப்பாக இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு இவரைப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்கும் என்பதற்காக அவர் செய்ததையெல்லாம் பூசி மெழுகப் போவதில்லை.

நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள். யார் இவர்?

1823இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பேசியும் கிளர்ச்சி செய்தும் 1848இல் மரண தண்டனை வாங்கினார். அது ஆயுள்கால நாடு கடத்தலாக மாறி, இன்றைய டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். 1852இல் அங்கிருந்து தப்பி நியூயார்க் போய்ச் சேர்ந்து, உள்நாட்டுப் போரில் ஐரிஷ் பிரிகேடின் தளபதியாகி, அப்புறம் மொன்டானாவில் தற்காலிக ஆளுநராக இருந்து, 1867 ஜூலை 1 இரவு மிசூரி ஆற்றில் விழுந்து காணாமல் போனார். அப்போது அவருக்கு 43 வயது. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

பெயரை எப்படிச் சொல்வது? மீகர்? மியாகர்?

மார். அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து மயங்க வேண்டாம், நடுவில் இருப்பவை எல்லாம் ஊமை எழுத்துகள். மொன்டானாவில் இவர் பெயரில் ஒரு கவுன்டி இருக்கிறது, அதையும் மார் என்றுதான் சொல்வார்கள். தமிழில் இந்தச் சொல்லுக்கு உள்ள பொருளை நினைத்தால் சிரிப்பு வரும், ஏனென்றால் மனிதர் வாழ்நாள் முழுக்க மார்தட்டியே பேசினார்.

ஏழைக் குடும்பமா? பஞ்சத்தில் அடிபட்டவரா?

இல்லவே இல்லை. தாத்தா கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்துக்கும் வாட்டர்ஃபோர்டுக்கும் இடையே வியாபாரம் செய்து காசு சேர்த்தவர். அப்பா வாட்டர்ஃபோர்டின் மேயராக இருந்தார், பிறகு பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். இவர் பிறந்த வீடு ஆற்றங்கரையில் இன்று ஒரு ஹோட்டலாக இருக்கிறது. அம்மா மட்டும் இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார்.

படிப்பு முழுக்க ஏசு சபைப் பள்ளிகளில். முதலில் அயர்லாந்தில் கிளாங்கோஸ் வுட், பிறகு இங்கிலாந்தில் ஸ்டோனிஹர்ஸ்ட். அங்கே இவருடைய ஐரிஷ் உச்சரிப்பைத் திருத்திவிட்டார்கள், அதனால் ஊர் திரும்பி ஐரிஷ் விடுதலையைப் பற்றி மேடையில் முழங்கும்போது குரல் மட்டும் இங்கிலாந்துக்காரர் குரலாக இருந்ததாம். எதிராளிகளுக்குக் கேலி பேச வேறென்ன வேண்டும். பள்ளியில் நடந்ததாக ஒரு கதையும் உண்டு. நெப்போலியனை பிரிட்டன் தோற்கடித்த வாட்டர்லூ வெற்றியைக் கொண்டாடும் இசைக்கு கிளாரினெட் வாசிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார் என்பார்கள்.

'வாள் மார்' என்ற பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது? வாள்வீச்சு வீரரா?

வாள் எடுத்ததால் வந்த பெயர் இல்லை, வாளைப் பற்றிப் பேசியதால் வந்தது.

அப்போது அயர்லாந்து அரசியலில் பெரிய தலைவர் டேனியல் ஓ'கானல். பிரிட்டனோடு அயர்லாந்தைச் சேர்த்த 1801 இணைப்பை ரத்து செய்ய வேண்டும், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய ரிப்பீல் (இணைப்பு ரத்து) சங்கத்துக்குள்ளேயே 'இளம் அயர்லாந்து' என்ற இளைஞர் கூட்டம் ஒன்று வளர்ந்தது. 1846இல் ஓ'கானல் தரப்பு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. எந்தக் காலத்திலும், எந்த நாட்டிலும், எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுப்பது தவறு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இளைஞர்களை வெளியே தள்ளுவதற்கென்றே போட்ட கோடு அது.

ஜூலை 28 அன்று டப்ளினில் 22 வயது மார் எழுந்தார். இன்று அயர்லாந்தில் ஆயுதம் எடுப்பது முட்டாள்தனம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாளைப் பழிக்க மாட்டேன் என்றார். டைரோல் மலைக்கணவாயில் அது என்ன செய்தது, பெல்ஜியத்தில் என்ன செய்தது, அட்லான்டிக்குக்கு அப்பால் ஒரு பெரிய தேசத்தையே எழுப்பியது எது என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். கூட்டத்தில் ஓ'கானல் இல்லை, அவர் மகன் ஜான் இருந்தார். இதற்கு மேல் கேட்க முடியாது என்று ஜான் நடுவில் நிறுத்தினார். வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் தலைமையில் இளைஞர்கள் எழுந்து வெளியேறினார்கள், கட்சி உடைந்தது. நாவலாசிரியர் தாக்கரே கிண்டலாக வைத்த 'வாள் மார்' என்ற பெயரை மார் தரப்பு பெருமையாக எடுத்துக்கொண்டது.

இந்தப் பேச்சைப் படித்துவிட்டு இவர் ஒரு தீவிரவாதி என்று முடிவு கட்டுபவர்கள் அதன் முதல் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இப்போது போர் வேண்டும் என்று அவர் அன்று சொல்லவில்லை.

ஐரிஷ் கொடியை இவர்தான் உருவாக்கினாரா?

கொண்டுவந்தவர், முதலில் ஏற்றியவர் என்று சொன்னால் சரியாக இருக்கும். 1848 மார்ச் 7 அன்று வாட்டர்ஃபோர்டில் மால் தெருவில் 33ஆம் எண் கட்டடத்தில், இளம் அயர்லாந்துக்காரர்களின் உல்ஃப் டோன் சங்கத்தின் ஜன்னலிலிருந்து பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவண்ணத்தைப் பறக்கவிட்டார். எட்டு நாள் பறந்தது, பிறகு அதிகாரிகள் இறக்கினார்கள். அந்த மாதம் ஓ'பிரையனோடு பாரிஸ் போய்ப் புதிய பிரெஞ்சுக் குடியரசுக்கு வாழ்த்து சொன்னார், ஏப்ரல் 15 அன்று டப்ளினில் பட்டில் செய்த மூவண்ணக் கொடியை மக்கள் முன்னால் காட்டினார்.

நம்மவர்கள் பலர் அந்த ஆரஞ்சைப் பார்த்ததும் காவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு கதை. ஆரஞ்சு என்பது மன்னர் வில்லியம் ஆஃப் ஆரஞ்சின் பெயரால் அடையாளம் கொண்ட புராட்டஸ்டன்டுகள், பச்சை என்பது பெரும்பான்மைக் கத்தோலிக்கர்கள். நடுவில் இருக்கும் வெள்ளை இந்த இரு தரப்புக்கும் இடையே நிலையான சமாதானம் என்று மாரே விளக்கினார். கிளர்ச்சிக்காரர் கொண்டுவந்த கொடியின் நடுவில் சமாதானம் இருக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதற்கப்புறம் கொடியைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் மேல் பறந்த பிறகுதான் அது நாட்டின் கொடி ஆனது.

1848 கிளர்ச்சி என்ன ஆயிற்று?

பரிதாபமாக முடிந்தது. 1845இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோயால் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் காலம் அது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். பசியில் கிடக்கும் மக்களைப் போருக்கு அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? வந்தவர்களுக்கும் சாப்பாடு போட ஏற்பாடில்லை, பாதிரியார்கள் வேறு வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 29 அன்று டிப்பரேரி மாவட்டம் பாலின்காரியில், மெக்கார்மாக் என்ற விதவையின் வீட்டுக்குள் நாற்பது சொச்சம் போலீஸ்காரர்கள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள், உள்ளே அந்த அம்மாவின் குழந்தைகள் வேறு. ஓ'பிரையன் ஜன்னலில் நின்று பேசிப் பார்த்தார், துப்பாக்கிச் சூடு தொடங்கியது, கிளர்ச்சித் தரப்பில் இருவர் செத்தார்கள், முடிந்தது. லண்டன் பத்திரிகைகள் இதை முட்டைக்கோஸ் தோட்டத்துச் சண்டை என்று கேலி செய்தன.

அங்கே மார் சண்டை போட்டாரா?

இல்லை. ஆள் திரட்ட வேறு பக்கம் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து இரவில் சாலையில் நடந்து போகும்போது ரோந்துப் போலீசிடம் மாட்டினார்.

தூக்குத் தண்டனை ஏன் நிறைவேறவில்லை?

வெறும் தூக்கு இல்லை. 1848 அக்டோபரில் குளோன்மெல் நீதிமன்றம் ஓ'பிரையன், மார், டெரன்ஸ் மக்மேனஸ், பேட்ரிக் ஓ'டோனஹூ ஆகிய நான்கு பேருக்கும் விதித்தது ராஜத்துரோகத்துக்கான பழைய தண்டனை: தூக்கிலிட்டு, தலையை வெட்டி, உடலை நான்கு துண்டாக்குவது. கூண்டில் நின்றபடி மார் சொன்னதன் சாரம் இது: இங்கிலாந்தின் சட்டப்படி பார்த்தால் நான் குற்றவாளி, அயர்லாந்தின் வரலாற்றைப் பார்த்தால் நான் செய்தது நியாயம்.

அரசுக்கு இவர்களைத் தியாகிகளாக்க ஆசையில்லை, தண்டனையை ஆயுள்கால நாடு கடத்தலாக மாற்றுகிறோம் என்றது. இதில் ஒரு வேடிக்கை. அப்படி மாற்றச் சட்டத்தில் இடமில்லை, எங்களைத் தூக்கில் போடுங்கள் இல்லையென்றால் விடுதலை செய்யுங்கள் என்று கைதிகள் தரப்பிலிருந்தே ஆட்சேபம் வந்தது. கடைசியில் இவர்களைக் கொல்லாமல் இருப்பதற்காகவே 1849இல் பாராளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. ஜூலையில் 'ஸ்விஃப்ட்' கப்பலில் ஏற்றினார்கள், அக்டோபர் இறுதியில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் வந்து சேர்ந்தார்கள்.

விக்டோரியா ராணி ஒன்பது பேரை மன்னித்தார், ஒன்பது பேரும் பெரிய தலைவர்கள் ஆனார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறதே?

அந்தக் கதையை நானும் பல முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். மரண தண்டனை பெற்ற ஒன்பது ஐரிஷ் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்களாம், 1874இல் விக்டோரியா மாகாணத்தின் பிரதமர் அவர்களில் ஒருவர் என்று தெரிந்து ராணி மற்றவர்களைப் பற்றி விசாரித்தாராம், ஒருவர் மொன்டானா ஆளுநர், ஒருவர் கனடாவில் தலைவர், இப்படிப் போகும்.

குளோன்மெலில் மரண தண்டனை பெற்றவர்கள் நான்கு பேர்தான். அந்தப் பிரதமரான சார்லஸ் கேவன் டஃபி மீது மாற்றி மாற்றி வழக்குப் போட்டும் தண்டிக்க முடியவில்லை. அவர் தன் விருப்பப்படி கப்பல் ஏறி ஆஸ்திரேலியா போய் 1871இல் பிரதமரானார். கனடாவில் பெயர் பெற்ற தாமஸ் டார்சி மெகீயும் நாடு கடத்தப்பட்டவர் அல்ல, அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பியவர், 1868இல் ஒட்டாவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓ'டோனஹூ தப்பி நியூயார்க் வந்து 1854லேயே இறந்தார். மக்மேனஸ் தப்பி சான் பிரான்சிஸ்கோ வந்து 1861இல் இறந்தார், அவர் உடலை அங்கிருந்து டப்ளின்வரை கொண்டுபோய் அடக்கம் செய்தது ஒரு பெரிய அரசியல் ஊர்வலமாகவே ஆனது. கதை சொல்லும் 1874இல் மார் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. உண்மைக் கதையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது பொய் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

டாஸ்மேனியாவில் சிறையில் அடைத்தார்களா?

தப்பிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் குறிப்பிட்ட ஒரு மாவட்டத்துக்குள் சுதந்திரமாக வாழலாம் என்பது ஏற்பாடு. மார் கொடுத்தார். ஓ'பிரையன் மறுத்ததால் அவரை மரியா தீவில் அடைத்தார்கள். நண்பர்கள் ஆளுக்கொரு மாவட்டம், ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்கக் கூடாது. மாரும் இன்னொரு இளம் அயர்லாந்துக் கைதியான கெவின் ஓ'டொஹர்ட்டியும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு மாவட்டத்துக்கும் எல்லையான ஆற்றுப் பாலத்தில் மேசையைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் தங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள்!

பிறகு சோரெல் ஏரிக்கரையில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு, ஒரு படகும் வைத்துக்கொண்டு, அப்பா அனுப்பிய பணத்தில் வாழ்ந்தார். கைதி வாழ்க்கை என்று பார்த்தால் ராஜபோகம். 24 வயதில் ஆயிரக்கணக்கான பேரை மேடையிலிருந்து ஆட்டி வைத்தவருக்கு அங்கே கேட்க ஆளே இல்லை.

வாக்குக் கொடுத்துவிட்டுத் தப்பியது நேர்மையா?

அந்தக் காலத்திலேயே பெரிய சண்டை இது. 1852 ஜனவரியில், என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன், இந்த நேரத்துக்குப் பிறகு அது செல்லாது என்று மாஜிஸ்திரேட்டுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். பிறகு ஓடிவிடாமல் காத்திருந்தார். போலீஸ் வந்ததும் குதிரைமேல் இருந்தபடி, நான்தான் மார், முடிந்தால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டு போய்விட்டார். கடற்கரைக்கு வந்து, ஆளில்லாத வாட்டர்ஹவுஸ் தீவில் கப்பலுக்காகச் சில நாள் காத்திருந்து, பிரேசிலின் பெர்னாம்புகோ வழியாக மே மாத இறுதியில் நியூயார்க்.

எதிராளிகள் என்ன சொன்னார்கள்? கடிதம் அனுப்பினால் போதாது, நேரில் வந்து கைதாவதற்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த இன்னொரு இளம் அயர்லாந்துக்காரர் ஜான் மிச்செல் அடுத்த வருடம் அதைத்தான் செய்தார், பாத்வெல் போலீஸ் அலுவலகத்துக்குள்ளேயே நடந்து போய் வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறினார். என் கணக்கில் மார் விதியை மீறவில்லை, ஆனால் விதியின் விளிம்பில் நின்றார்.

மனைவி, குழந்தை?

இந்த இடத்தில்தான் எனக்கு இவர்மேல் கோபம் வருகிறது. 1851 பிப்ரவரியில் கேத்தரின் பென்னட் என்ற பெண்ணை டாஸ்மேனியாவில் மணந்தார். தப்பியபோது கேத்தரின் நிறைமாத கர்ப்பிணி. பிறந்த ஆண் குழந்தை நான்கு மாதத்தில் இறந்தது, அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை. கேத்தரின் வாட்டர்ஃபோர்டு போய் மாமனாரோடு இருந்து, அவரோடு அமெரிக்கா வந்து கணவரைப் பார்த்தார். மறுபடி கர்ப்பிணியாக வாட்டர்ஃபோர்டு திரும்பி, 1854இல் இரண்டாவது மகனைப் பெற்ற கையோடு இறந்துவிட்டார். அந்தப் பையனைத் தாத்தா வளர்த்தார். மார் இன்னும் பதின்மூன்று வருடம் வாழ்ந்தார், அவனையும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தால் கைது என்பது உண்மைதான், பையனைக் கப்பலில் வரவழைக்க முடியாதா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

1855இல் நியூயார்க்கில் எலிசபெத் டவுன்சென்ட் என்ற பணக்கார புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பெண்ணை இரண்டாவதாக மணந்தார். கடைசிவரை கூட இருந்தவர் அவர்தான்.

போர் வரும்வரை அமெரிக்காவில் என்ன செய்தார்?

ஊர் ஊராகச் சொற்பொழிவு. அப்புறம் வக்கீல், பத்திரிகை ஆசிரியர், மத்திய அமெரிக்கப் பயணி. எதிலும் நிலைக்கவில்லை. 1859இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற டேனியல் சிக்கிள்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினருக்காக வாதாடிய வக்கீல் குழுவில் இவரும் இருந்தார். தற்காலிகப் புத்தி பேதலிப்பு என்ற வாதம் அமெரிக்காவில் முதலில் ஜெயித்த வழக்கு அது.

அடிமை முறையை எதிர்த்துத்தான் வடக்குப் பக்கம் சேர்ந்தாரா?

அப்படிச் சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் இல்லை. நியூயார்க் ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சி, அடிமை ஒழிப்பாளர்களைப் பிடிக்காது, விடுதலையான கறுப்பர்கள் தங்கள் வேலைக்குப் போட்டியாக வருவார்கள் என்ற பயம் வேறு. அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின்மீது மாருக்கும் முதலில் அனுதாபம் இருந்தது. 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையைத் தெற்கு தாக்கிய பிறகுதான் மாறினார். தங்களுக்கு அடைக்கலம் கொடுத்த குடியரசு உடையக் கூடாது, உடைந்தால் இங்கிலாந்துக்குத்தான் கொண்டாட்டம் என்பது அவர் வாதம். இங்கே போர் பழகியவர்கள் நாளை அயர்லாந்துக்காகப் போராடலாம் என்ற நினைப்பும் பலருக்கு இருந்தது. சாதாரண சிப்பாயைக் கேட்டால் சம்பளம், சேர்க்கைப் பணம், சீக்கிரம் கிடைக்கும் குடியுரிமை என்று சொல்லியிருப்பான். வடக்குப் படையில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் மட்டுமே சுமார் 1,50,000 பேர்.

போர் முடிவதற்குள் மார் நிறையவே மாறினார், 1864 தேர்தலில் லிங்கனை வெளிப்படையாக ஆதரித்தார். அதற்காக நியூயார்க் ஐரிஷ்காரர்கள் இவரைக் கைகழுவினார்கள்.

மிச்செல் எதிர்ப்பக்கம் போனது உண்மையா?

உண்மை. அயர்லாந்தில் ஒரே மேடை, டாஸ்மேனியாவில் இருவருமே கைதிகள், நியூயார்க்கில் கொஞ்ச நாள் ஒரே பத்திரிகை. ஆனால் மிச்செல் அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்தவர், தெற்கோடு நின்றார். அவருடைய மூன்று மகன்கள் தெற்குப் படையில் சேர்ந்தார்கள், அதில் இருவர் செத்தார்கள், ஒருவன் கெட்டிஸ்பர்க்கில், ஒருவன் சம்டர் கோட்டையில். தன் நாட்டின் விடுதலைக்காகத் துடித்தவர் இன்னொருவனை விலைக்கு வாங்குவது சரி என்று எழுதினார். மாரிடம் எத்தனையோ குறைகள் இருக்கின்றன, அந்தக் குழியில் மட்டும் விழவில்லை.

ஐரிஷ் பிரிகேட் என்றால் என்ன?

முதலில் மைக்கேல் கார்கரன் தலைமையில் நியூயார்க் 69ஆவது படை. அதில் மார் ஒரு கம்பெனியைத் திரட்டிச் சேர்த்தார். 1861 ஜூலையில் புல் ரன் போரில் வடக்கு தோற்றது, கார்கரன் சிறைபிடிக்கப்பட்டார். நியூயார்க் திரும்பிய மார் முழுக்க ஐரிஷ்காரர்களைக் கொண்டு ஒரு பிரிகேட் திரட்டினார். 63, 69, 88 எண் கொண்ட மூன்று நியூயார்க் ரெஜிமென்டுகள், பிறகு மாசசூசெட்ஸ் 28, பென்சில்வேனியா 116. 1862 பிப்ரவரியில் பிரிகேடியர் ஜெனரல் பதவி. ஐரிஷ் யாழும் பச்சையுமாகக் கொடி. துப்பாக்கி விஷயத்தில் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார்: தூரம் சுடும் ரைஃபிள் எல்லாம் வேண்டாம், ஒரு பெரிய குண்டோடு சில சின்னக் குண்டுகளும் சேர்த்துப் போடும் பழைய மஸ்கட்தான் வேண்டும், நாங்கள் நெருங்கித்தான் சண்டை போடுவோம் என்றார். நெருங்குவதற்குள் எத்தனை பேர் விழுவார்கள் என்ற கணக்கு அதில் இல்லை.

1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம். பள்ளமான ஒரு பாதைக்குள் தெற்குப் படை பதுங்கியிருந்தது, பிற்பாடு அதற்கு 'ரத்தச் சந்து' என்றே பெயர் வந்தது. அதை நோக்கிப் போன பிரிகேட் சுமார் 540 பேரை இழந்தது.

ஃப்ரெடரிக்ஸ்பர்க்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1862 டிசம்பர் 13. மேரீஸ் ஹைட்ஸ் என்ற மேடு, அதன் அடிவாரத்தில் கல் சுவர், சுவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தெற்குத் துப்பாக்கிகள், முன்னால் வெட்டவெளி. கிழிந்துபோன பச்சைக் கொடிகளை ஏற்கெனவே நியூயார்க்குக்குத் திருப்பி அனுப்பியாயிற்று, புதிதாக வரவில்லை. அதனால் யார் செத்தாலும் ஐரிஷ்காரன் என்று தெரியட்டும் என்று பாக்ஸ்வுட் செடியின் பச்சைக் கொத்தைத் தொப்பியில் செருகிக்கொள்ளச் சொன்னார் மார். சுமார் 1,200 பேர் போனார்கள். 545 பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். சுவருக்குப் பின்னால் இருந்த படைகளில் ஒன்று ஜார்ஜியா 24, அதன் தளபதியும் அயர்லாந்தில் பிறந்தவர்தான்.

மார் கடைசிவரை கூடப் போகவில்லை. முழங்காலில் புண், நடக்க முடியவில்லை, குதிரை எடுக்கப் பின்னால் போனேன் என்று அவரே அறிக்கையில் எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, அந்த ஊர் நாடக அரங்கில், புதுக் கொடி வந்ததற்காக ஒரு விருந்து நடத்தினார். வெளியே பிணங்கள் கிடக்கின்றன. அதைத் துணிச்சல் என்பதா, உணர்ச்சியற்ற தன்மை என்பதா?

பின்னாளில் 1963 ஜூனில் ஜான் கென்னடி டப்ளின் வந்தபோது, 69ஆவது ரெஜிமென்டின் கொடி ஒன்றை ஐரிஷ் பாராளுமன்றத்துக்குப் பரிசளித்து, இந்தப் போரைப் பற்றியும் மாரைப் பற்றியும் பேசினார்.

குடிகாரராமே?

குடிப்பார், நிறையவே. போரில் குடித்திருந்தாரா என்பதுதான் கேள்வி. ஆன்டீட்டத்தில் குதிரை சுடப்பட்டு விழுந்தேன் என்கிறார் அவர். தலைமையகத்தில் இருந்த ஓர் அதிகாரியின் நாட்குறிப்பு குடித்துவிட்டு விழுந்தார் என்கிறது. ஐரிஷ்காரன் என்றாலே குடிகாரன் என்று எழுதுவது அன்றைய அமெரிக்காவின் வழக்கம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆட்களைத் திரட்டுவதிலும் அவர்களைக் கிளப்பிவிடுவதிலும் இவரை மிஞ்ச ஆளில்லை, போர்த் தந்திரத்தில் சுமார்தான் என்பது என் கருத்து.

படையிலிருந்து ஏன் விலகினார்?

பிரிகேட் என்று சொல்லவே ஆள் இல்லை. மிச்சம் இருப்பவர்களை நியூயார்க் அழைத்துப் போய் ஓய்வு கொடுத்துப் புது ஆள் சேர்க்க அனுமதி கேட்டார், மறுத்தார்கள். 1863 மே மாதம், சான்சலர்ஸ்வில் போருக்குப் பிறகு ராஜினாமா. இரண்டு மாதத்தில் கெட்டிஸ்பர்க் போர் வந்தபோது பிரிகேடில் 500 சொச்சம் பேர்தான். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டு டென்னசி பக்கம் பின்னணிக் காவல் வேலை கொடுத்தார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மொன்டானா எதற்குப் போனார்?

வேலை வேண்டும், காசு இல்லை. 1865இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் இவரை மொன்டானா பிரதேசத்தின் செயலாளராக நியமித்தார். தங்கம் தோண்டும் ஊர்கள், பிரதேசம் உருவாகியே ஒரு வருடம்தான் ஆகிறது. மார் வந்ததும் ஆளுநர் எட்ஜர்டன் பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கிழக்கே கிளம்பிவிட்டார். ஆக, தற்காலிக ஆளுநர். குடியரசுக் கட்சிக்காரர்களோடு ஏழாம் பொருத்தம். சட்டமன்றத்தைக் கூட்ட அதிகாரமில்லை என்றார், அப்புறம் அவரே கூட்டினார், அந்தக் கூட்டங்கள் செல்லாது என்று காங்கிரஸ் ரத்து செய்தது.

அங்கே உண்மையான அதிகாரம் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்களைத் தூக்கில் போடும் கும்பலிடம் இருந்தது. கொலைக்குற்றத்துக்கு மூன்று வருடச் சிறை பெற்ற ஜேம்ஸ் டேனியல்ஸ் என்பவனை மார் விடுவித்தார். அவன் மொன்டானாவின் ஹெலெனா நகருக்குத் திரும்பினான், அந்த விடுதலை உத்தரவு பையில் இருக்க, அவனைப் பிடித்துத் தொங்கவிட்டார்கள்.

பூர்வகுடி மக்களிடம் எப்படி நடந்துகொண்டார்?

மோசமாக. நிலத்தைப் பறிகொடுத்த நாட்டிலிருந்து வந்தவர், பறிகொடுத்துக்கொண்டிருந்த மக்களின் பக்கம் நின்று ஒருமுறை பார்த்திருக்கலாம். செய்யவில்லை. 1867 ஏப்ரலில் ஜான் போஸ்மன் என்ற பாதை வகுப்பாளர் கொல்லப்பட்டதும், குடியேறிகளின் பயத்தோடு சேர்ந்துகொண்டு தன்னார்வப் படை திரட்டினார். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை, வாஷிங்டனுக்குப் பல லட்சம் டாலர் பில் மட்டும் போனது. ஐரிஷ் கொண்டாட்டப் பேச்சுகளில் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்ட விரும்பவில்லை.

எப்படி இறந்தார்? கொலையா?

அந்தத் தன்னார்வப் படைக்கு வரும் துப்பாக்கிகளைப் பெறுவதற்காக 1867 ஜூலை 1 அன்று மிசூரி ஆற்றங்கரை ஊரான ஃபோர்ட் பென்டன் வந்தார். வழியில் வயிற்றுப்போக்கு, பல நாள் படுக்கை. கரையில் கட்டியிருந்த 'ஜி. ஏ. தாம்சன்' நீராவிப் படகில் மாலுமி ஜானி டோரன் தங்க இடம் கொடுத்தார். இரவில் ஒரு சத்தம், தண்ணீரில் ஏதோ விழுந்தது. மிசூரியில் அப்போது வேகமான வெள்ளம், தேடியும் கிடைக்கவில்லை. எலிசபெத் கரையோரம் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

குடித்திருந்தார், நோயில் தலைசுற்றியது, உடைந்த கைப்பிடியில் சாய்ந்தார், தூக்குக் கும்பல் தள்ளியது, அரசியல் எதிரிகள் தள்ளினார்கள், பிரிட்டிஷ் ஆள் தள்ளினான், எல்லாம் சொல்வார்கள். 1913இல் ஒருவர் நான்தான் பணம் வாங்கிக்கொண்டு கொன்றேன் என்று சொல்லி, பிறகு இல்லை என்றார். எதிரிகளுக்குக் குறைவில்லை என்பதால் கொலை என்பதை முழுக்க ஒதுக்கவும் முடியாது. பலவீனமான உடம்பு, இருட்டு, ஈரமான படகுத் தளம், இந்த மூன்றுமே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நினைவுச் சின்னங்கள் எங்கே இருக்கின்றன?

ஹெலெனாவில் மொன்டானா சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் குதிரைமேல், வாளை உயர்த்தியபடி, 1905இல் வைத்த சிலை. வாட்டர்ஃபோர்டில் மால் தெருவில் 2004இல் வைத்த இன்னொரு குதிரைச் சிலை, முதலில் கொடி ஏற்றிய கட்டடத்துக்குப் பக்கத்தில். ஃபோர்ட் பென்டன் ஆற்றங்கரையிலும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அவருக்குக் கல்லறை கிடையாது. டாஸ்மேனியா போகிறவர்கள் ரிச்மண்டில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தைப் பார்க்கலாம், அவர் பார்க்காத அந்த நான்கு மாதக் குழந்தையை அடக்கம் செய்தது அங்கேதான்.